ஊர் கூடி இழுக்கும் தேர்

சுவரிலுள்ள பொத்தானை அழுத்துகிறோம், விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் அணையடியில் பிறந்ததா, அனல் மின் நிலையத்தில் பிறந்ததா என்று நாம் கேட்பதில்லை. பல நிலையங்களை ஒரே கம்பி வலையில் பிணைத்துவிட்டார்கள். ஆகவே கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கணக்கிடும் ஆற்றலையும் இவ்வாறு பெற முடியாதா? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே ‘கிரிட் கணிப்பு’. அமெரிக்காவில் பணியாற்றிய இயன் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன் என்னும் இரு அறிஞர்கள் 1990-களின் பிற்பகுதியில் இக்கருத்துக்கு உருவம் கொடுத்தனர். மின் வலைக்கு உரிய ‘கிரிட்’ என்ற பெயரே இதற்கும் அமைந்தது.

இக்கருத்து பெரிய அளவில் கைகூடிய இடம் செர்ன் என்னும் ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுக்கூடம். ஜெனீவா நகருக்கு அருகில், நிலத்தடியில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதில் 2008-ல் முதன்முதலாக இயக்கப்பட்ட இயந்திரம், புரோட்டான்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் முடுக்கி எதிரெதிராக மோதவிடும். வினாடிக்கு 100 கோடி மோதல்கள் வரை நிகழும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஏற்கெனவே பழகிப்போனவை. கருவிகள் அவற்றை உடனுக்குடன் தள்ளிவிட்டு, ஆயிரக்கணக்கில் மட்டுமே பதிவு செய்யும். இப்படிச் சலித்த பின்னும் எஞ்சும் குவியல் சிறியதன்று. செர்னிலுள்ள வட்டுச் சேமிப்பின் கொள்ளளவு 2023-ல் 100 கோடி ஜிகாபைட்டைக் கடந்தது.

இவ்வளவையும் ஒரே இடத்தில் கணக்கிடக் கட்டடமும் பணமும் போதா. பங்குகொண்ட நாடுகளுக்கும் தங்கள் பணம் தங்கள் பல்கலைக்கழகங்களிலேயே கணிப்பொறிகளாகவும் பயிற்சி பெற்ற இளைஞர்களாகவும் தங்க வேண்டும் என்ற விருப்பம் இருந்தது. ஆகவே வேலையைப் பகிர்ந்துகொண்டனர். 40-க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 நிலையங்கள் இந்த வலையில் சேர்ந்தன. மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அவற்றுள் அடங்கும். 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளின் பின்னணியில் இருந்த கணக்குகள் இந்த வலையில் போடப்பட்டவையே.

எல்லாக் கணக்கையும் இப்படிப் பங்கிட முடியுமா? முடியாது. உங்கள் பொதுத்தேர்வு விடைத்தாள்களை எண்ணிப் பாருங்கள். அவற்றைக் கட்டுக்கட்டாகப் பிரித்துப் பல முகாம்களில் திருத்துகிறோம். ஒரு தாளுக்கு மதிப்பெண் போட இன்னொரு தாளைப் பார்க்க வேண்டியதில்லை. துகள் மோதல்களும் அப்படியே, ஒவ்வொன்றும் தனித்தனி. வானிலைக் கணக்கு வேறு வகையானது. ஓர் இடத்தின் அடுத்த நிமிடக் காற்றழுத்தத்தைச் சொல்ல, அண்டை இடங்களின் அழுத்தம் அப்போதைக்கப்போது தெரிந்தாக வேண்டும். ஜெனீவாவுக்கும் மும்பைக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவே ஏறத்தாழ 6,700 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஒரு செய்தி போய்ச் சேர 0.03 வினாடிக்கு மேல் ஆகும். நமக்கு அது இமைப்பொழுதுகூட அன்று. ஆனால் வினாடிக்கு 300 கோடித் துடிப்புடைய செயலி அதற்குள் பத்துக் கோடி முறை துடித்துவிடும்! ஆகவேதான் வானிலைக் கணக்கை ஒரே கூரையின்கீழ் உள்ள பெருங்கணிப்பொறியிடம் கொடுக்கிறார்கள்.

கிரிட்டில் உண்மையில் கடினமானது கம்பி இழுப்பது அன்று, நம்பிக்கை. முன்பின் அறியாத ஒருவரின் நிரலை நம் கணிப்பொறியில் ஓடவிடுவது எப்படி? ஒவ்வோர் ஆய்வாளருக்கும் கடவுச்சீட்டைப் போன்ற மின்சான்று வழங்கி, அதை எல்லா நிலையங்களும் ஏற்பதாக உடன்பாடு செய்துகொண்டனர்.

2006-ல் அமேசான் நிறுவனம் தன் கணிப்பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. மேகக் கணிப்பு என்று நாம் இன்று அழைப்பது இவ்வாறு பரவியது. முன்பு கல்யாண வீட்டுக்கு அண்டை அயலார் அண்டாவும் பெஞ்சும் கொடுத்து உதவுவார்கள். இப்போது மண்டபத்துக்குப் பணம் கட்டினால் எல்லாம் தயார். கிரிட் அயலார் உதவி, மேகம் மண்டபம். பின் கிரிட்டின் காலம் முடிந்ததா?

2016-ல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடம், துகள் ஆய்வுக்காக அமேசானிடம் 50,000-க்கு மேற்பட்ட செயலி உள்ளகங்களைச் சில நாள்கள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தது. வேலை நடந்தது. திடீரென்று வரும் நெருக்கடிக்கு வாடகை மிக நல்லது. ஆனால் ஆண்டு முழுவதும் ஓயாமல் ஓடும் வேலைக்குச் சொந்தக் கணிப்பொறியே மலிவு. மேலும், மேகத்தில் தரவை வைப்பது எளிது. பெருமளவில் வெளியே எடுக்கத் தனிக் கட்டணம் உண்டு. பல நாட்டு மக்களின் வரிப்பணத்தில் விளைந்த தரவு ஒரே வணிகரின் கிடங்கில் இருப்பது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை.

நடைமுறையில் இரண்டும் கலந்துவருகின்றன. மேகத்துக்கென உருவான ஓப்பன்ஸ்டாக் என்ற பொது மென்பொருளைச் செர்ன் 2013 முதல் தன் சொந்தக் கணிப்பொறிகளிலேயே பயன்படுத்துகிறது. கருவி மேகத்தினுடையது, உடைமை ஆய்வுக்கூடத்தினுடையது. உண்மைச் சோதனை 2030-ஐ ஒட்டி வரும். மேம்படுத்தப்பட்ட மோதல் இயந்திரத்தில் புரோட்டான் கற்றைகள் ஒருமுறை குறுக்கிடும்போதே 140 முதல் 200 மோதல்கள் நிகழும் எனத் திட்டமிட்டுள்ளனர். பின்னிக் கிடக்கும் அத்தனை தடங்களையும் பிரித்தறிய வேண்டும்.

கிரிட்டுக்கு எளிய தங்கை ஒன்றும் உண்டு: வீட்டுக் கணிப்பொறிகளை இரவல் பெறும் முறை. 1999-ல் தொடங்கிய செட்டி அட் ஹோம், வேற்றுலக உயிர்களின் வானொலிக் குறிகளைத் தேடிவிட்டு 2020-ல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. ஆனால் ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற இன்னொரு திட்டத்தில், அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த சாதாரண மக்களின் கணிப்பொறிகள் 2010-ல் ஒரு புதிய பல்சாரையே கண்டுபிடித்துவிட்டன. நீங்களும் இத்தகைய திட்டத்தில் சேரலாம். ஒன்று மட்டும்: இரவு முழுவதும் கணிப்பொறி ஓடினால் அறையும் சூடாகும், மின் கட்டணமும் ஏறும். வீட்டில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.