சிற்றூர் உணவகமும் சங்கத்தின் பலமும்

உணவுப் பண்ட வியாபாரத்தில் உள்ள நாம், பிற நாடுகளில் இத்தொழில் எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அயர்லாந்தின் தென்பகுதியில், கார்க் மாவட்டத்தில், கின்சேல் என்ற கடலோரச் சிற்றூர் இருக்கிறது. சில ஆயிரம் பேரே வசிக்கும் ஊர். ஆனால் நல்ல சாப்பாட்டுக்கு நாடெங்கும் பெயர் பெற்றது.

இத்தகைய ஊர்களில் உணவகம் என்பது பெரும்பாலும் ஒரே குடும்பம் நடத்தும் சிறு கடைதான். குளிருக்குக் கணப்பு அடுப்பு, குழந்தைக்கு உயர நாற்காலி, சிறுவர்களுக்கு அரை அளவுச் சாப்பாடு எல்லாம் இருக்கும். சூப், சோடா ரொட்டி, உருளைக்கிழங்கு மசியல், ஞாயிறு மதியம் சுட்ட இறைச்சி ஆகியவை வழக்கம். கூட்டம் சேருமுன் மாலையில் வருவோருக்கு விலை குறைத்துத் தருவார்கள். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இது வசதி. கடைக்காரருக்கும் மேஜை காலியாகக் கிடப்பதில்லை. 2004 மார்ச் 29 முதல் உணவகங்களுக்குள் புகைபிடிக்க அங்கே தடை உண்டு.

கின்சேல் உணவகக்காரர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களே. ஆயினும் 1970-களிலேயே ‘குட் ஃபுட் சர்க்கிள்’ என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தி, கோடை சீசன் ஓய்ந்த அக்டோபரில் உணவு விழா நடத்தலானார்கள். ஊருக்கு ஆள் வந்தால் எல்லோர் கல்லாவும் நிறையும் என்பதே அவர்கள் கணக்கு.

இனி வரிக்கு வருவோம். மளிகையில் விற்கும் உருளைக்கிழங்குக்கு அங்கே மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். அதையே சமைத்துத் தட்டில் பரிமாறினால் வரி உண்டு. கொள்முதலில் வரி இல்லாததால் கழித்துக்கொள்ளவும் அதிகம் இல்லை. ஆட்களுக்குத் தரும் சம்பளத்துக்கும் கழிவு கிடையாது. வரி உள்ளிட்ட 100 யூரோ பில்லில் 13.5 சதவீதம் என்றால் 11.89 யூரோ போகும். 9 சதவீதம் என்றால் 8.26 யூரோ. இடையிலுள்ள மூன்றரை யூரோ சொச்சம்தான் சிறு கடைக்காரரின் லாபமே!

2011-இல் 9 ஆகக் குறைத்தார்கள். 2019-இல் 13.5 ஆக்கினார்கள். 2020 நவம்பரில் மீண்டும் 9. 2023 செப்டம்பரில் மறுபடி 13.5. உணவக உரிமையாளர் சங்கம் விடாமல் வற்புறுத்தி வந்தது. 2026 ஜூலை முதல் 9 என்று 2025 அக்டோபர் பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது.

தனிக் கடைக்காரர் எத்தனை மனு எழுதினாலும் அரசின் காதில் ஏறுவது கடினம். கணக்கோடு சங்கமாகப் போய்க் கேட்டால் கதவு திறக்கும். சந்தாவைக் காலத்தில் செலுத்தி, கூட்டங்களுக்குத் தவறாமல் வருவோமாக.