எண்ணில் ஒரு மாலைமாற்று: மகாவீராச்சாரியார் முதல் டோம்பிவிலி வரை

முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் செய்யுளை மாலைமாற்று என்பர். திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்று தேவாரம் ஓதுவோர் அறிந்தது. எண்ணிலும் மாலைமாற்று உண்டு. 12345654321 அப்படி ஒன்று. கடைக் கணக்கில் சொன்னால் 1234 கோடியே 56 லட்சத்து 54 ஆயிரத்து 321.

ஒன்றிலிருந்து ஆறு வரை ஏறி மறுபடி ஒன்றுக்கு இறங்கும் இந்த எண்ணை வருணித்தவர் மகாவீராச்சாரியார். 9ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர். அழகாக அமையும் பெருக்குத்தொகைகளை அவர் கழுத்தணி என்றே குறிப்பிடுகிறார். அவருடைய கணிதசாரசங்கிரகத்தை மு. ரங்காச்சாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912இல் சென்னையில் அச்சாயிற்று.

இனி நம்ம ஊருக்கு வருவோம். மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ஏறினால் தாணே தாண்டி டோம்பிவிலி வரும். அதன் பழைய பெயர் டெம்லோ. இவ்வகை எண்களை ஆராயும் எண்ணம் அந்த ஸ்டேஷனில்தான் டி. ஆர். கப்ரேகருக்கு (1905–1986) உதித்தது. அதனால் 'டெம்லோ எண்கள்' என்று பெயரிட்டார். 6174 என்ற எண்ணால் உலகப் புகழ் பெற்ற இவர், நாசிக் அருகே தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

மாலை எப்படி உருவாகிறது? 11×11=121. 111×111=12321. தாளில் பெருக்கிப் பாருங்கள்: ஒன்றுகள் படிப்படியாக இடம் தள்ளி அடுக்கப்படும். நடு வரிசையில்தான் அதிகம் சேரும். ஆறு ஒன்றுகளை அதே எண்ணால் பெருக்கினால் நம் எண். ஒன்பது ஒன்றுகள் வரை மாலை கெடாது. பத்து ஒன்றுகள் என்றால் நடுவில் 10 சேர்ந்து, கைமிச்சம் போய், 1234567900987654321 ஆகிவிடும்.

இது வெளித்தோற்றம். உள்ளியல்பு வேறு. ஓர் எண்ணை மீதமின்றி வகுக்கும் எண்களில் அதை மட்டும் விட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். 6க்கு 1+2+3=6; அது நிறைவெண். 12க்கு 16 வரும்; மிகையெண். 121க்கு 1+11=12தான்; குறைவெண். 12321, 1234321, 123454321 மூன்றும் குறைவெண்களே. ஆனால் 12345654321 மிகையெண்! காரணம், 111111 என்பது 3×7×11×13×37. ஆகவே நம் எண்ணுக்கு 243 வகுஎண்கள்; தன்னை நீக்கிய கூட்டுத்தொகை 1302,98,70,672. ஒற்றைப்படை எண்களில் மிகையெண் அபூர்வம், முதலாவதே 945தான்.

இன்னொன்று: கம்ப்யூட்டரின் 0, 1 முறையில் எழுதினால் இந்த மாலை அறுந்துபோகும். 243 வகுஎண்கள் அப்படியே இருக்கும். மாலை நாம் எழுதும் முறையைச் சார்ந்தது. வகுஎண்கள் எண்ணுக்கே உரியவை.

'டெம்லோ எண்களை அன்றே சமணர் கண்டுபிடித்துவிட்டார்' என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். சமணனாகிய எனக்கும் இனிக்கும். ஆனால் மகாவீராச்சாரியார் வருணித்தது ஓர் எண்ணை. அதன் குடும்பத்தையே எடுத்து ஆராய்ந்தவர் கப்ரேகர். அவரவர்க்கு உரியதை அவரவர் பெயரில் வரவு வைப்பதே நேர்மையான கணக்கு. மும்பையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களையும் சொல்லிக்கொடுப்போம்.