முடக்கத் தேவையில்லை, வரி போதும்: சின்ன செய்தித் தளங்களுக்கு என்ன சிக்கல்?

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் பெங்களூரு. அங்கே அரசு ஆவணங்களைத் துருவிச் செய்தி போடும் கன்னடத் தளம் 'தி ஃபைல்'. லாப நோக்கற்ற அமைப்பு என்ற அதன் தகுதியை 2024 டிசம்பரில் வருமான வரித்துறை ரத்து செய்தது. தங்களுக்கும் அதே கதி என்று 2025 ஜனவரியில் 'தி ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்' அறிவித்தது. வரித்துறை சொன்ன காரணம், இதழியலில் பொதுநோக்கம் இல்லையாம்!

அதனால என்ன? இந்தத் தகுதி இருந்தால் நன்கொடைக்கு வரி இல்லை. 80ஜி பதிவும் இருந்தால் கொடுப்பவருக்கும் சலுகை. தகுதி போனால் இரண்டுமே போச்சு. நன்கொடையை வியாபார வருமானம் போலப் பார்த்து வரி போடலாம். அப்புறம் சம்பளத்துக்கு எங்கே போவது? விளம்பரப் பணமோ கூகுள், ஃபேஸ்புக் பக்கம் போய் பல வருஷமாச்சு.

ரத்துக்குப் பிறகும் 'கலெக்டிவ்' செய்தி போடுவதை நிறுத்தவில்லை. வாசகர்களிடமே நேரடியாகப் பணம் கேட்கிறது.