"எனக்கும் வருமா, டீச்சர்?"

பத்தாம் வகுப்பில் 'உடல் நலம் மற்றும் நோய்கள்' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "புற்றுநோய் ஒரு மரபணு நோய்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, புகையிலையின் தீமைகளுக்குச் சென்றுவிட்டேன். மணி அடித்த பிறகு ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். "எங்க அம்மாவுக்கு மார்புல கட்டி எடுத்திருக்காங்க டீச்சர். மரபணு நோய்னா எனக்கும் வரும்தானே?" என்று கேட்டாள்.

நான் எழுதியது சரிதான். ஆனால் 'மரபணு நோய்' என்பதை அவள் 'பரம்பரை நோய்' என்று புரிந்துகொண்டாள். அந்த வேறுபாட்டை விளக்காமல் விட்டது என் தவறு. சாத்தான்குளம் போன்ற சிற்றூரில் இந்த ஒரு சொல் ஒரு பெண்பிள்ளையின் தூக்கத்தை மட்டுமா கெடுக்கும்? நாளை அவளுடைய திருமணப் பேச்சு வரை அது தொடரும்.

இரண்டும் ஒன்றல்ல

புகையிலை, கதிர்வீச்சு, முதுமை, செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலெடுப்பில் நேரும் பிழை எனப் பல காரணங்களால் ஜீன்களில் சடுதிமாற்றம் ஏற்படுகிறது. இது பெரும்பாலும் அந்த உறுப்பின் செல்களோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குக் கடத்தப்படாது. பெற்றோரிடமிருந்து வந்த பழுதால் உண்டாகும் புற்றுநோய்கள் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான்.

மார்பகப் புற்றுநோயோடு பேசப்படும் பி.ஆர்.சி.ஏ.1 ஜீன் 17ஆவது குரோமோசோமிலும், பி.ஆர்.சி.ஏ.2 ஜீன் 13ஆவது குரோமோசோமிலும் எல்லோருக்கும் உண்டு. பெற்றோரில் ஒருவரிடம் பழுதான பிரதி இருந்தால் பிள்ளைக்கு அது வர 50 சதவீத வாய்ப்பு. அப்படி வந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதில்லை.

எப்படிப் பிரித்தறிகிறார்கள்? நோயாளியின் கட்டியையும் அவருடைய இரத்தம் போன்ற இயல்பான திசுவையும் ஒப்பிடுகிறார்கள். மாற்றம் கட்டியில் மட்டும் இருந்தால் அது பிற்பாடு ஏற்பட்டது; இரண்டிலும் இருந்தால் பொதுவாகப் பிறப்பிலேயே வந்தது. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய 'புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடம்' என்ற திட்டம் 33 வகைப் புற்றுநோய்களில் 20,000க்கும் மேற்பட்ட மாதிரிகளை இப்படி ஆராய்ந்தது. அதன் முடிவுகளில் பெரும்பகுதியை இன்று எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆய்வகத்தில் செய்து பார்த்தோம்

மறுவாரம் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் 'சிபயோபோர்ட்டல்' என்ற இணையதளத்தைத் திறந்தோம். அதற்குப் பதிவோ கட்டணமோ தேவையில்லை. நீங்களும் செய்யலாம்:

1. முகப்பில் மார்பகப் புற்றுநோயையும், மேற்சொன்ன அமெரிக்கத் திட்டத்தின் தரவையும் தேர்ந்தெடுங்கள்.
2. ஜீன் பெயர் கேட்கும் பெட்டியில் டி.பி.53 என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். இது கட்டியை அடக்கும் ஜீன்.
3. திரையில் வண்ணக் கோடுகள் வரும். ஒவ்வொரு கோடும் ஒரு நோயாளியின் மாதிரி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இந்த ஜீன் மாறியிருப்பது தெரியும்.
4. சடுதிமாற்றப் பகுதியைச் சொடுக்கினால் குச்சி மிட்டாய்களை நட்டுவைத்தது போன்ற படம் வரும். கிடைக்கோடு, 393 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். குச்சியின் உயரம், அந்த இடத்தில் எத்தனை பேருக்கு மாற்றம் என்பதைக் காட்டும்.

175ஆம் இடத்தில் உயர்ந்து நிற்கும் குச்சியைக் கவனியுங்கள். அங்கே ஒரே ஓர் எழுத்து மாறி, ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் வந்துவிடுகிறது. சடுதிமாற்றம் என்ற சொல்லை மாணவர்கள் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"இத்தனை மாற்றத்துல எதுதான் நோயைக் கொண்டுவருது?" என்று ஒருவன் கேட்டான். திருச்செந்தூர் பேருந்தைச் சொல்லி விளக்கினேன். பேருந்து நிறைய ஆட்கள் இருந்தாலும் வண்டியை ஓட்டுபவர் ஒருவர்தான். கட்டியில் உள்ள மாற்றங்களிலும் சிலவே ஓட்டுநர்கள், மற்றவை பயணிகள். அவற்றைப் பிரித்தறிய சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 'என்.பி.டிரைவர்' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். மாறிய எழுத்துக்கு அக்கம்பக்கத்தில் என்ன எழுத்துகள் உள்ளன என்பதைக் கொண்டு அது கணிக்கிறது. அவர்களது 'பிவட்' என்ற மற்றொரு கருவி, புற்றுநோய்க்குக் காரணமாகும் ஜீன்களைக் கணிக்கிறது.

இதில் நம் ஊர்க்காரர்கள் உண்டா?

இதைக் கேட்டது அதே மாணவிதான். அமெரிக்கத் தரவில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் மக்களிடம் சாதாரணமாகக் காணப்படும் ஒரு மாற்றம் அங்கே அரிதாக இருக்கலாம். அப்போது அது தீங்கானதா இல்லையா என்று சொல்ல முடியாமல் மருத்துவர் திணறுவார். இந்தக் குறையைப் போக்க, 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. 'பாரத் புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடம்' என்ற தரவுத்தளத்தை வெளியிட்டது. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மாதிரிகளிலிருந்து, ஜீன்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளை வரிசைப்படுத்திய 960 பதிவுகள் அதற்கு அடிப்படை. அதைச் சொன்னதும், "அப்போ எங்க அம்மா மாதிரி ஆட்களும் இதுல இருக்காங்க" என்றாள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இத்தளங்கள் கற்பதற்கும் ஆராய்வதற்கும்தான். எந்தக் குழந்தையின் குடும்பத்து நோயையும் வகுப்பில் உதாரணமாக்காதீர்கள். திரையைப் பார்த்து எவருக்கும் நோய் கணிக்காதீர்கள். குடும்பத்தில் பலருக்கோ, இளவயதிலோ இந்நோய் வந்திருந்தால், மரபணுப் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். அந்த மாணவியிடமும், அடுத்த முறை அம்மாவோடு மருத்துவமனைக்குப் போகும்போது இதைக் கேட்கச் சொன்னேன். "கேட்க வேண்டியதை எழுதித் தாங்க டீச்சர்" என்றாள். இருவரும் அமர்ந்து மூன்று கேள்விகள் எழுதினோம்.

இப்போதெல்லாம் கரும்பலகையில் "புற்றுநோய் ஒரு மரபணு நோய்" என்று எழுதினால், அதன் கீழேயே "பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை" என்ற வரியையும் சேர்த்தே எழுதுகிறேன்.