உபகாரச் சம்பளப் பரீட்சையும் எல்லையோரப் பிள்ளைகளும்

அத்திபெலேயில் குடியிருக்கும் தமிழர் இருவர் சந்தித்தால், வாடகையும் தண்ணீரும் பேசி முடிந்தபின் பேச்சு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தின்மேல் திரும்பும். எந்தப் பள்ளியில் சேர்த்தீர்கள், கட்டணம் எவ்வளவு என்றெல்லாம் விசாரித்துக்கொள்கிறோம். அந்தப் பள்ளியிலிருந்து உபகாரச் சம்பளப் பரீட்சை எழுத முடியுமா என்று கேட்பவர் மிக அரியர். நம் பாட்டன்மார் உபகாரச் சம்பளம் என்று சொன்னதை இன்று அரசாங்கத் தாள்கள் உதவித்தொகை என்கின்றன. பெயர் எதுவாயினும், அதற்கான வாசல் பரீட்சை நாளுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் முன்னரே திறந்தோ அடைபட்டோ போகிறது. பெற்றோர் பலர் இதை அறியார்.

2008-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை முதலில் எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது அது. தேறியோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும். நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். நாடெங்கும் ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேருக்கென வகுத்த இத்தொகையில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடமும் கர்நாடகத்துக்கு 5,534 இடமும் ஒதுக்கியுள்ளனர். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை இலட்சத்துக்கு மேற்படலாகாது. ஏழாம் வகுப்பில் நூற்றுக்கு 55 பெற்றிருத்தல் வேண்டும். பட்டியல் இனத்தார்க்கு 50 போதும். இவையெல்லாம் நம்மவர்க்கு எட்டக்கூடியவையே. ஆனால் இன்னொரு நிபந்தனை உண்டு. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியிலோ, நகராட்சி போன்ற உள்ளாட்சிப் பள்ளியிலோ படிக்கும் பிள்ளைதான் இதை எழுதலாம். உதவி பெறாத தனியார் பள்ளிப் பிள்ளைக்கு இடமில்லை.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சிறிய ஆங்கிலப் பள்ளியொன்றில் பிள்ளையைச் சேர்த்த தந்தைக்கு இச்செய்தி எட்டாம் வகுப்பில் தெரியவந்தால் என்ன பயன்? தனியார் பள்ளியே தகாது என்று யாம் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் உள்ள பள்ளிக்குக் கட்டணம் கட்டுவது நியாயம். கழுத்துப்பட்டையும் காலணியும் தவிர வேறொன்றும் கூடுதலாகத் தராத பள்ளிக்காக இந்த வாசலை அடைத்துக்கொள்வதுதான் நட்டம்.

மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு தொகையா என்று கேட்போரும் உளர். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் இதே அத்திபெலேயில் பட்டாசுக் கடையில் பற்றிய தீயை நாம் மறந்துவிடவில்லை. தீபாவளிப் பருவத்தில் நாட்கூலிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் அதில் மாண்டனர். படிப்புச் செலவுக்காக வேலைக்கு வந்த மாணவர்களும் அவர்களுள் இருந்தனர். அன்று முதல், ஆயிரம் ரூபாயைச் சிறு தொகை என்று சொல்ல எமக்கு வாய் வருவதில்லை.

அடுத்தது நவோதயா வித்யாலயம். ஐந்தாம் வகுப்பில் பரீட்சை. தேறினால் ஆறாம் வகுப்பு முதல் விடுதியில் தங்கிப் படிக்கலாம். ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 80 இடங்களே. பிள்ளை குடியிருக்கும் மாவட்டமும் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மாவட்டமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். இங்கேதான் எல்லையோரத்தார் இடறுகிறோம். தமிழில் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தால் சோதனைச்சாவடி தாண்டி, ஜூஜூவாடிக்கோ ஓசூருக்கோ பிள்ளையை அனுப்பும் வீடுகள் உண்டு. வீடு பெங்களூர் நகர மாவட்டத்திலும் பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக அப்பிள்ளை இரண்டுங் கெட்டு நிற்கும். 1985-86-இல் இத்திட்டம் தொடங்கியபோதே தமிழ்நாடு மொழிக்கொள்கை காரணமாக விலகி நின்றமையால், அந்தப் பக்கத்திலும் மாற்றுவழி இல்லாமற் போயிற்று. நம் மாவட்டத்துக்குரிய நவோதயா பாகலூரில் உள்ளது. ஓசூரை அடுத்த பாகலூர் அன்று. எலகங்காவுக்கு அப்பாலுள்ள பாகலூர். விசாரிக்கப் புறப்பட்டுத் தவறான பேருந்தில் ஏறிவிடாதீர்கள்!

நான்கில் மூன்று பங்கு இடம் கிராமப் பிள்ளைகளுக்கு உரியது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கிராமப் பள்ளியிலேயே படித்தவர்க்குத்தான் அப்பங்கு கிட்டும். அத்திபெலே இன்று புரசபைக்கு உட்பட்ட ஊர். சுற்றிலுமுள்ள சிற்றூர்களோ ஆனேக்கல் தாலுகாவின் கிராமங்கள். ஒரு மைல் தள்ளிக் குடிபோவதும் போகாததும் இதில் வேற்றுமை விளைக்கும். மேலும், இப்பரீட்சையை ஒரு பிள்ளை ஒரே முறைதான் எழுதலாம்.

தனியார் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று விரும்பும் பட்டியல் இனத்துக் குடும்பங்களுக்கு 'ஷ்ரேஷ்டா' என்னும் மத்திய அரசுத் திட்டம் உண்டு. வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு உட்பட்டிருப்பின், எட்டாம் வகுப்பு முடித்தோரும் பத்தாம் வகுப்பு முடித்தோரும் பரீட்சை எழுதித் தேறி, விடுதியுடன் கூடிய தனியார் பள்ளியில் சேரலாம். கட்டணத்தை அரசே பள்ளிக்குச் செலுத்தும். வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். ஆகையால் தமிழிலோ கன்னடத்திலோ படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலக் கலைச்சொற்களைக் கற்பிக்க ஓராண்டாவது வேண்டும். சாதிச் சான்றிதழிலும் ஒரு சிக்கல் உளது. தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றைக் காட்டிக் கர்நாடகத்தில் சான்று பெறலாம். எனினும் அதற்குரிய சலுகை சொந்த மாநிலத்திலேயே செல்லும் என்பது மத்திய அரசின் 1985-ஆம் ஆண்டுக் கட்டளை. 1990-இல் உச்சநீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. எந்தச் சான்று செல்லும் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுத் தெளிவது நலம்.

தனியார் பள்ளிகள் தாமே நடத்தும் திறமைப் பரீட்சைகளும் உண்டு. பாதிக் கட்டணம் தள்ளுபடி என்பார்கள். பாதி எதில், எத்தனை ஆண்டுக்கு, எத்தனை மதிப்பெண் குறைந்தால் நிற்கும் என்பவற்றை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டலாகாது. போதனைக் கட்டணத்தில் பாதி குறைந்து, பேருந்து, புத்தகம், சீருடை என்று மறுபக்கம் ஏறினால் குடும்பத்துக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இனிப் பயிற்சிக்கு வருவோம். ஆலை முறைவேலைக்குப் போகும் நாம், எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கைவிரித்துவிடுகிறோம். நவோதயாவின் 80 வினாக்களில் 40 மனத்திறன் வினாக்கள்: உருவங்களில் பொருந்தாதது எது, கண்ணாடியில் எப்படித் தெரியும், அடுத்து வருவது எது என்பன. இதற்கு ஆங்கிலம் வேண்டுவதில்லை. கோலம் போடும் தாயிடம் அமர்ந்து, பாதிக் கோலத்தைப் பார்த்து மறுபாதியைப் போட்டுப் பழகிய சிறுமிக்கு இது புதிதன்று. பின்னக் கணக்கில் திணறும் பையனுக்கு அரிசிப் படியே ஆசிரியர். முக்கால் படியை இருவருக்குச் சமமாகப் பங்கிட்டால் காலே அரைக்கால் என்று நம் பாட்டிமார் விரல் மடக்காமல் சொல்வர். அதையே பள்ளியில் எட்டில் மூன்று என்று எழுதுகிறார்கள். வீட்டுச் சொல்லையும் பள்ளிச் சொல்லையும் அருகருகே வைத்துக் காட்டினால் போதும். மளிகைச் சீட்டில் தள்ளுபடி எத்தனை விழுக்காடு, நகைக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்று பிள்ளையைக் கணக்கிடச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் சினவாதீர்கள்.

மொழிப் பகுதிக்குக் குறுக்கு வழி கிடையாது. நாள்தோறும் பத்து நிமிடம் ஏதேனும் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்து, அதிலிருந்து பிள்ளையே இரண்டு கேள்வி கேட்கட்டும். எந்த மொழியில் பரீட்சை எழுதப் போகிறதோ அந்த மொழியில் இது நடைபெற வேண்டும். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைக்கு எம்மொழி விரைவாகக் கண்ணில் ஏறுகிறது என்று சோதித்தபின் மொழியைக் குறியுங்கள். பெருமைக்காக ஆங்கிலத்தைக் குறித்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

திறன் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 90 நிமிடத்துக்கு 90 வினா. வினாவுக்கு ஒரு நிமிடம். தெரியாததில் நின்றுவிடாமல் அடுத்ததற்குப் போகும் பழக்கம் கடைசி மாதத்தில் வாங்கும் வழிகாட்டி நூலால் வாராது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இருபது இருபது வினாவாக ஓராண்டு பழகினால் வரும். விடைத்தாளின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்புவதும் பயிற்சியே. ஒரு வரிசை தவறினால் அதற்குப் பின்வரும் விடைகள் அனைத்தும் இடம் மாறிவிடும். தவறான விடைக்கு நவோதயாவில் மதிப்பெண் குறைப்பதில்லையாதலின், எந்த வட்டத்தையும் வெறுமையாக விடவேண்டா.

பரீட்சையில் தேறியும் பணம் வாராத குடும்பங்கள் உண்டு. அதற்குக் காரணமாவன பெரும்பாலும் பெயரும் முன்னெழுத்தும். தமிழ்நாட்டு வழக்கப்படி பள்ளியில் 'மு. செல்வி', ஆதாரில் 'செல்வி முருகன்', வங்கியில் வெறும் 'செல்வி' என்றிருந்தால் கணினிக்கு அவர்கள் மூவர். மூன்றையும் ஏழாம் வகுப்பிலேயே ஒன்றாக்கிக்கொள்ளல் வேண்டும். வருமானச் சான்றுக்கு நாடகச்சேரி செல்லுங்கள். பெயரைக் கேட்டு நாடகமென்று மயங்கற்க, அது வருவாய்த்துறை அலுவலகம். தேறியபின் அரசுப் பள்ளியை விட்டுத் தனியார் பள்ளிக்கு மாறினால் தொகை நின்றுவிடும். பத்தாம் வகுப்பில் 60 மதிப்பெண்ணுக்குக் குறைந்தாலும் அவ்வாறே. பட்டியல் இனத்தார்க்கு அது 55.

எண்பது இடத்துக்கு எழுதுவோர் பல்லாயிரவர். ஆகையால் பெரும்பாலான பிள்ளைகள் தேறுவதில்லை. 'உனக்காக எவ்வளவு செலவழித்தோம்' என்ற சொல்லை அன்று வீட்டில் எவரும் சொல்லலாகாது. பத்து வயதுப் பிள்ளைக்கு வீட்டு வாடகையின் பாரம் தெரியும். அதை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. நான்காம் வகுப்பில் பிள்ளை உள்ள வீட்டார், மூன்றாம் வகுப்பு முதல் பிள்ளை படித்த பள்ளி எந்த மாவட்டம், கிராமமா நகரமா என்பதை இவ்வாரமே தலைமையாசிரியரிடம் கேட்டு, ஒரு தாளில் குறித்து ஆதாருடன் சேர்த்து வையுங்கள்.