வேட்டை முனை மாட்டினால் அம்பு ஏன் விலகுகிறது?

அமெரிக்காவில் குறுக்குவில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. பயிற்சிக்கான கூம்பு முனையில் குறி தப்பாத அம்பு, அதே 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) எடையில் பிளேடு வைத்த வேட்டை முனை மாட்டியதும் விலகிவிடும். பிளேடுகள் முன்பக்கத்தில் முளைத்த குட்டி இறக்கைகள். முனை கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் காற்று அவற்றைப் பிடித்து அம்பைத் திருப்பும். நொடிக்கு 300 அடிக்கு மேல் பாயும்போது பின்னிறகுகள் அதை நேராக்கத் திணறும்.

வில்லைத் திட்டுவதற்கு முன் அம்பை இரண்டு தாங்கிகள்மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். முனை தள்ளாடுகிறதா? பெரும்பாலும் தண்டின் வாய் சாய்வாக இருக்கும். உப்புத்தாளில் செங்குத்தாகத் தேய்த்துவிடலாம். தண்டே வளைந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்; அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இறகுகளைச் சற்றுத் திருகலாக ஒட்டினால் அம்பு சுழன்று, மிச்சக் கோணலைச் சமன்செய்யும். கடைசியாக, குறிகாட்டியை வேட்டை முனையோடு எய்து பார்த்தே சரிசெய்யுங்கள்.