ஆறேழு சந்திப்பில் மனம் தேறுமா?

மனச்சோர்வுக்கு ஆறேழு முறை உட்கார்ந்து பேசினால் பலன் கிடைக்கும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். கோவாவில் அதைச் செய்தே பார்த்தார்கள். மனநல மருத்துவர் விக்ரம் படேலும் 'சங்கத்' தொண்டு நிறுவனமும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீவிர மனச்சோர்வில் இருந்த 495 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை; இன்னொன்றுக்கு அதோடு 6 முதல் 8 சந்திப்புகள். பேசியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஒருவர்கூட டாக்டர் இல்லை. 3 மாதத்தில் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 39 சதவீதம். 2017இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட முடிவு இது.

அப்படி என்னதான் பேசினார்கள்? மனம் சோர்ந்தவர் முதலில் நடமாட்டத்தைக் குறைக்கிறார். கோயில், கடைத்தெரு, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் நின்றுபோகிறது. அவை நின்றதும் சோர்வு இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை அறுப்பதுதான் வேலை. "செவ்வாய் காலை தெருமுனைவரை போய்ப் பால் வாங்கி வருவது" என்கிற அளவுக்குச் சிறிய காரியத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். போனபோது மனசு எப்படி இருந்தது என்று குறித்துவரச் சொல்வார்கள். போக முடியவில்லையா? திட்டமாட்டார்கள், வாசல்வரை என்று சுருக்கிக்கொள்வார்கள். பாதி சிகிச்சை இப்படி வீட்டில்தான் நடக்கிறது.

முதல் நாள் அழுதுவிட்டு, மனம் இன்னும் கனத்துத் திரும்புகிறவர்கள் உண்டு. "போயும் பிரயோஜனமில்லை" என்று வீட்டார் அதோடு நிறுத்திவிடுவதுதான் வருத்தம். மொத்தம் எத்தனை சந்திப்பு, எந்தப் பிரச்சினையை எடுத்துக்கொள்கிறோம், தேறுவதை எப்படி அளப்போம் என்று முதலிலேயே கேளுங்கள். பாதி சந்திப்பு முடிந்தும் அசைவே இல்லையென்றால் ஆலோசகரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முறையை மாற்றலாம், ஆளையும் மாற்றலாம்.

எல்லாவற்றுக்கும் பேச்சு சிகிச்சை மட்டும் போதாது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவற்றுக்கு மனநல மருத்துவரும் மருந்தும் வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கவே கூடாது.

பேசியது வெளியே போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளே விதிவிலக்கு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.